வணிகர்க்குரிய அறம்: ஈகையோ, கடனோ?

பொருளீட்டும் வழி தூயதாயிருத்தல் வேண்டும் என்பது, பகவன் புத்தர் அருளிய எட்டு நெறிகளுள் ஐந்தாவதாகிய நல்வாழ்க்கையின் சுருக்கம். இதனை மறுப்பார் நம்மில் ஒருவரும் இலர். மறுப்பார் இல்லாமையினாலேயே இதனை ஆராய்வாரும் குறைந்துபோயினர். களவு செய்யாதவனும் கள் விற்காதவனும், தனக்கும் இந்நெறிக்கும் யாதொரு பிணக்கும் இல்லையென்று எளிதில் முடிவு செய்துகொள்கிறான். ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் ஆலை முதலாளியும், அவ்வாலையில் பத்துப் பங்கு வாங்கி வைத்திருக்கும் பள்ளி ஆசிரியரும், அவ்வாலைச் சரக்கைக் கடையில் வைத்து விற்பவரும் அங்ஙனமே எண்ணுகின்றனர். ‘உங்கள் வாணிபத்தினால் ஊருக்கு என்ன நன்மை?’ என்று அவர்களை வினவினால், கட்டிக் கொடுத்த பள்ளியையும் வெட்டிய குளத்தையும் நட்ட மரத்தையும் எண்ணிக் காட்டுவர். இவையெல்லாம் நல்லனவே. ஆயினும், வணிகன் சமூகத்திற்குச் செய்யவேண்டுவது யாது என்னும் வினாவிற்கு இவை விடையாகுமா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது.

இவ்வாராய்ச்சிக்குச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அது தமிழர்க்கு அயல்நாடு அன்று. வடஆற்காட்டின் சில பகுதிகளையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்து 1911இல் அமைந்த சித்தூர் ஜில்லா, 1953 வரை சென்னையின் ஆட்சியிலேயே இருந்தது. 1960இல் திருத்தணி முதலிய பகுதிகள் தமிழகத்தோடு சேர்ந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு எத்தனை முறை மாறினும், நகரி, புத்தூர், சத்தியவேடு முதலிய ஊர்களின் கடைத்தெருக்களில் தெலுங்கும் தமிழும் கலந்தே இன்றும் பேரம் நடக்கின்றது. அங்கே விளைவதும் அங்கே செய்யப்படுவதும் நம் இல்லங்களுக்கு வந்து சேருகின்றன. மாம்பழச் சாறாகவும் வருகின்றன, மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் வேண்டிய பேட்டரியாகவும் வருகின்றன. ஆகலின் அவ்வூரார் வழக்கு நம் வழக்கும் ஆகும்.

திருப்பதி என்றவுடன் உண்டியல் நினைவுக்கு வரும். தொழில் தொடங்கும்போதே ஏழுமலையானைக் கூட்டாளியாகக் கருதி, இலாபத்தில் இத்தனை பங்கு என்று நேர்ந்துகொண்டு, ஆண்டுதோறும் கணக்கு முடித்து, மஞ்சள் துணியில் முடிந்து மலையேறிச் செலுத்தும் வணிகர் பலர் உளர். அவ்வன்பை இகழ்வது நம் கருத்தன்று. எவரும் கேட்பாரில்லாதபோதும் சொன்ன பங்கைச் சொன்னபடி செலுத்தும் நாணயம் பெரிது. கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றுவோர் மிகுந்த உலகில் அது போற்றத்தக்கது. ஆனால், அந்தப் பங்கு இலாபத்தைக் கணக்கிட்டு முடித்த பின்னரே எடுக்கப்படுவது என்பதைக் கருதுக. இலாபம் எவ்வாறு வந்தது என்று உண்டியல் கேட்பதில்லை.

இந்திய அரசின் சட்டமும் ஏறக்குறைய இவ்வழியே சென்றுள்ளது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, ஆண்டு விற்றுவரவு 1,000 கோடி ரூபாயோ, நிகர இலாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய கம்பெனி ஒவ்வொன்றும், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்பது அதன் விதி. கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று எவ்வெப் பணிகளுக்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை கூறுகின்றது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முதன்மை தரவேண்டும் என்பதும் உண்டு. 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்பின், செலவிடாது விட்ட தொகையை அதற்கென்று குறித்த நிதியிலோ கணக்கிலோ சேர்த்தாக வேண்டும், தவறினால் தண்டம்.

இச்சட்டத்தின் விதிகளுள் பலர் கவனியாத ஒரு நுட்பம் உள்ளது. கம்பெனியின் வழக்கமான தொழிலுக்கு ஆகும் செலவும், தன் ஊழியர்க்கு மட்டுமே பயன்படும் செலவும், வேறொரு சட்டத்தின்படி செய்தே தீரவேண்டிய செலவும் இந்த இரண்டு பங்கில் சேரமாட்டா. அதாவது, புகைபோக்கியில் தூசுவடிகட்டி வைத்தாலும், தொழிலாளியின் இரத்தத்தைப் பரிசோதித்தாலும், அது சமூகப் பொறுப்பின் கணக்கில் ஏறாது. அது தொழிலின் செலவு. சட்டம் செய்தோர் இதனைச் சரியாகவே செய்தனர் என்பது நம் எண்ணம். கடனைத் தீர்த்துவிட்டு அதனை ஈகையென்று எழுதிக்கொள்ள இடங்கொடுக்கலாகாது. ஆனால் மக்கள் மனத்தில் நிகழ்ந்தது வேறு. ‘சமூகப் பொறுப்பு’ என்னும் பெயரை அந்த இரண்டு பங்கே கவர்ந்துகொண்டது. எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பங்கு எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதைக் குறிக்க ஒரு பெயரே இல்லாமற் போயிற்று.

ஈகைக்கும் கடனுக்கும் வேற்றுமை என்னை? தொகையின் சிறுமை பெருமையில் அவ்வேற்றுமை இல்லை. மனத்தின் கனிவிலும் இல்லை. பெறுபவனை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலேதான் உள்ளது. ஈகையில் கொடுப்பவன் தேர்கிறான்: இந்த ஊர், இந்தப் பள்ளி, இந்த ஆண்டு. மனம் மாறினால் அடுத்த ஆண்டு வேறு ஊர். கடனிலோ பெறுபவன் முன்னரே வந்து நிற்கின்றான். அவனை நாம் தேரவில்லை. நம் செயலே அவனை நம் எதிரில் நிறுத்திவிட்டது. அவனுக்குரியதை அவனிடமேதான் தீர்க்க முடியும். வேறொருவனுக்கு இரட்டிப்பாகக் கொடுப்பினும் அது தீராது.

இந்த வேற்றுமையைப் பழைய நூலோர் தெளிவாக அறிந்திருந்தனர். இராசகிருகத்தில் விடியற்காலையில் நீராடி ஆறு திசைகளையும் வணங்கி நின்ற சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞனுக்குப் பகவன் உபதேசித்ததை அன்பர்கள் அறிவர். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பரும் கூட்டாளிகளும், அடித்திசை வேலையாட்கள், மேற்றலைத் திசை துறவியர். ஒவ்வொரு திசைக்கும் ஐவகைக் கடமைகள் கூறப்பட்டன. வேலையாட்களுக்கு உரியவை: வலிமைக்குத் தக்கபடி வேலையைப் பகிர்தல், உணவும் கூலியும் தருதல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவைப் பகிர்ந்துண்ணல், உரிய காலத்தில் ஓய்வு தருதல். அதே உபதேசத்தில் பொருளை நான்கு கூறாக்கும் முறையும் சொல்லப்படுகின்றது. ஒரு கூறு துய்ப்பதற்கு, இரு கூறு தொழிலுக்கு, நான்காம் கூறு இடர்க்காலத்துக்கு. தானத்துக்கென்று தனிக் கூறு அங்கே இல்லை. உரையாசிரியர் அதனை முதற்கூற்றில் அடக்கிக்கொள்வர். வேலையாளுக்குரிய கடமையோ எந்தக் கூற்றிலும் அடங்காமல், திசையாகவே நிறுத்தப்பட்டது. திசையை எவனும் தேர்ந்தெடுப்பதில்லை. மனிதன் எங்கே நின்றாலும் ஆறு திசையும் அவனைச் சூழ்ந்தே நிற்கும்.

வள்ளுவரும் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரம், ஈகைக்கு ஓர் அதிகாரம் என்று வகுத்தவரே. எனினும், பிறர் பொருளையும் தன் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்னும் கருத்தை அவர் அவ்விரண்டிலும் வைத்திலர். நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். துலாக்கோலைப் பேசிய அதிகாரத்திலேயே வணிகனையும் பேசினார் என்பது சிந்திக்கத் தக்கது.

இனி மெய்யாக நடந்த ஒரு வழக்குக்கு வருவோம்.

திருப்பதிக்கு அண்மையிலுள்ள கரகம்பாடியில் அமர ராஜா என்னும் பேட்டரி நிறுவனம் வளர்ந்தது. அமெரிக்காவில் பொறியியற் பணிபுரிந்து தாயகம் திரும்பிய கல்லா இராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கியது அது. ஆலை வைப்போர் பெருநகரை நாடிச் செல்லும் காலத்தில், மழை பொய்க்கும் தம் பிறந்த வட்டாரத்துக்கே தொழிலைக் கொண்டுவந்தார் அவர். சித்தூருக்கு அருகே நூனெகுண்ட்லபள்ளியிலும் பின்னர் ஆலைகள் எழுந்தன. சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போகவேண்டியிருந்த கிராமத்து இளைஞர் பல்லாயிரவர் வீட்டுச் சோறுண்டு வேலைக்குச் சென்றனர். அறக்கட்டளை வழியாகப் பள்ளிகளும் தொழிற்பயிற்சியும் நீர்ப்பணிகளும் நடந்தன. இவை அந்நிறுவனத்தின் நல்வினைகள், குறைத்துச் சொல்வதற்கில்லை.

2021 ஏப்ரல் 30ஆம் நாள், ஆந்திர மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கரகம்பாடி ஆலையையும் நூனெகுண்ட்லபள்ளி ஆலையையும் மூடுமாறு ஆணையிட்டது. ஆலைகளிலிருந்து காரீயம் வெளிப்பட்டுச் சுற்றுப்புறத்தையும் தொழிலாளர் உடல்நலத்தையும் கெடுக்கின்றது என்பது வாரியத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதனை மறுத்து, விதிகளின்படியே நடப்பதாகக் கூறி உயர்நீதிமன்றம் சென்றது. மே 6ஆம் நாள் நீதிமன்றம் அவ்வாணையை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. ஆலைகள் மீண்டும் இயங்கின, வழக்கு நீண்டது.

அந்நாளில் நிறுவனரின் மகன் ஜெயதேவ் கல்லா தெலுங்கு தேசக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். மாநில ஆட்சியோ எதிர்த்தரப்பாகிய ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் கையில் இருந்தது. ஆகவே, ‘இது அரசியற் பழிவாங்கல்’ என்றனர் ஒருசாரார். ‘செல்வாக்குடையார்க்கு ஒரு நீதியா?’ என்றனர் மற்றொருசாரார். எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது நம் வேலையன்று. நாம் கவனிக்கவேண்டுவது வேறு. அக்கூச்சலில் வாதம் முழுவதும் ‘மூடுவதா, திறப்பதா’ என்னும் ஒன்றிலேயே நின்றுவிட்டது. மூடினால் தொழிலாளி பட்டினி. திறந்தால் தொழிலாளிக்கு நோய் என்று அவனை இருபுறமும் சாட்சிக்கு இழுத்தனர். அவன் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு, அந்த எண்ணை அவனிடம் சொன்னவர் யார், அவன் வீட்டுக் குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு என்று வினவியவர் மிகச் சிலரே. நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளிப்பினும் இவ்வினாக்கள் தீர்வதில்லை. இவை இந்த ஒரு நிறுவனத்தை நோக்கியவை மட்டும் அல்ல. காரீயத்தைக் கையாளும் ஒவ்வொரு தொழிலையும் நோக்கியவை.

காரீயத்தின் இயல்பை அறிந்தாலன்றி இதன் கடுமை விளங்காது. 1859இல் பிளாண்டே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்ட முறையே இன்றும் அடிப்படை: காரீயத் தகடுகள், அவற்றின்மீது காரீய ஆக்சைடு, அவை மூழ்கக் கந்தக அமிலம். காரீயம் 327 டிகிரி வெப்பத்தில் உருகும். அடுப்பங்கரைத் தீயே போதும். உருக்கும்போது ஆவியும், ஆக்சைடுப் பொடியைக் கையாளும்போது மாவினும் நுண்ணிய தூசும் எழுகின்றன. அத்தூசு மூச்சில் மட்டும் புகுவதன்று. கையிலும் தலைமயிரிலும் சட்டை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு, வேலை முடிந்தவுடன் தொழிலாளியோடு வீட்டுக்கு வருகின்றது. அப்பன் வந்தவுடன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு முதலில் கிடைப்பது அதுவே.

உடலுக்குள் சென்ற காரீயத்தை எலும்பு சுண்ணாம்புச் சத்தென்று மயங்கி ஏற்றுக்கொள்கின்றது. இரத்தத்தில் அது தங்குவது சில வாரங்கள். எலும்பிலோ பல பத்தாண்டுகள். பெண்ணொருத்தி சூல்கொள்ளும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்துக் கரைந்து இரத்தத்தில் கலப்பது இயற்கை. அப்போது பழைய காரீயமும் உடன் கரைந்து கருவைச் சென்றடைகின்றது. உண்ட காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்கக்கூடும். பெரியவர்க்கு இரத்த அழுத்தம், சோகை, சிறுநீரகக் கேடு, நரம்புத் தளர்ச்சி உண்டாகும். குழந்தைக்கு அறிவு வளர்ச்சியே குன்றும். குன்றிய அறிவைப் பின்னர் மீட்கும் மருந்து இல்லை. தீங்கற்ற அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வந்தது என்று கண்டு விலக்கவேண்டும் என்று அந்நிறுவனம் 2021இல் நெறிகாட்டியது. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், ஏறத்தாழ 80 கோடி பேர், அவ்வளவையோ அதற்கு மேலோ தாங்கியுள்ளனர் என்று யூனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் என்னும் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மருத்துவர் அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய தொழில்நோய்களை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வைத்தது காரீய நஞ்சையே. ஆகலின், தெரியாது என்று சொல்லும் காலம் கடந்து நெடுநாளாயிற்று.

இப்பொழுது சிகாலனுக்குச் சொன்ன ஐந்தையும் மீண்டும் நோக்குக. வலிமைக்குத் தக்க வேலை என்பது இங்கே யாது? இரத்தத்தில் அளவு ஏறிய தொழிலாளியை உருக்குலையிலிருந்தும் பொடி அறையிலிருந்தும் விலக்கி வேறு பணியில் அமர்த்துதல். அங்ஙனம் விலக்கும்போது அவன் கூலியும் படியும் குறையலாகாது. குறைந்தால் அடுத்த பரிசோதனைக்கு அவன் வரமாட்டான், நோயை மறைப்பான். அவன்மீது குற்றஞ்சொல்லிப் பயனில்லை. நோயுற்றபோது பேணுதல் என்பதும் இத்தொழிலில் மருத்துவமனைக் கட்டிலில் தொடங்குவதன்று. குறி தோன்றுமுன்னரே எண் தோன்றிவிடுகின்றது. அந்த எண்ணை அவன் படிக்கக்கூடிய மொழியில், அவன் கையிலேயே எழுதிக் கொடுத்தல் பேணுதலின் முதற்படி. உடை மாற்றுமிடமும் குளிக்குமிடமும் ஆலைக்குள்ளேயே இருத்தலும், வேலைச் சட்டை ஆலையிலேயே வெளுக்கப்படுதலும், உண்ணுமிடம் பொடி புகாதபடி விலகியிருத்தலும் சிறு செய்திகளாகத் தோன்றலாம். வீட்டிலுள்ள குழந்தைக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்கும் சுவர் அவையே. சுற்றியுள்ள ஊர்களின் மண்ணையும் கிணற்றையும் காலந்தோறும் சோதித்து, கண்டதைக் கண்டபடி ஊர்ச்சாவடியில் ஒட்டுதலும் அவ்வகையினதே.

இவற்றுள் ஒன்றுக்கும் கல்வெட்டு வைக்க இயலாது. மந்திரி வந்து நாடா வெட்டவும் இயலாது. பள்ளிக்கூடம் கட்டினால் பெயர்ப்பலகை தொங்கும். ஒரு குழந்தையின் இரத்தத்தில் காரீயம் ஏறாமற் காத்தால், ஏறாதது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஈகை எளிதாகவும் கடன் அரிதாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்னும் ஐந்தையும் விற்றல் உபாசகனுக்கு ஆகாது என்று அங்குத்தர நிகாயம் விலக்குகின்றதே. காரீயம் நஞ்சாயின் இத்தொழிலே விலக்கப்பட்டதன்றோ என்று கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. நஞ்சென்று அறிந்து, நஞ்சாகப் பயன்படும்பொருட்டு விற்பதே அங்கு விலக்கப்பட்டது. பேட்டரி அங்ஙனம் அன்று. மின்சாரம் தடைப்பட்ட இரவில் பிரசவ அறையில் விளக்கெரிப்பதும் அதுவே. உழவனின் டிராக்டரைக் கிளப்புவதும் அதுவே. ஆனால் இவ்விடையோடு எளிதாகத் தப்பிவிடவும் இயலாது. வாங்குபவனுக்கு நாம் விற்பது நஞ்சன்று. செய்பவனுக்கும் அண்டையில் வாழ்பவனுக்கும் போய்ச் சேருவது நஞ்சாயின், அவர்கள் அளவில் நாம் செய்வது நஞ்சு வாணிபமே. அவர்கள் அதற்கு விலை கொடுத்ததுமில்லை, அதனைக் கேட்டதுமில்லை. ஆகலின் தொழிலை விடுவதா என்பதன்று வினா; தொழில் அவர்களைச் சென்று தீண்டுமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதே வினா.

காரீயம் கண்ணுக்குப் புலப்படாதது. அதனால்தான் கடனும் மறைந்து நிற்கின்றது என்று சிலர் கூறக்கூடும். மாம்பழத்தில் மறைவதற்கு ஒன்றுமில்லை. அங்கும் நடந்தது பெரிதும் வேறன்று.

சித்தூர் வட்டாரத்து மாந்தோப்புகளில் மிகுதியாகக் காய்ப்பது தோதாபுரி. கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் நாம் அழைப்பது. அதனை ஆலைகள் கூழாக்கி, டின்களில் அடைத்து நாடெங்கும் அயல்நாடுகளுக்கும் அனுப்புகின்றன. அறுவடை பெரும்பாலும் ஆனி, ஆடியில் ஒருங்கே வந்துவிடும். பறித்த காய் சில நாளுக்குமேல் பொறுக்காது. டின்னில் அடைத்த கூழோ ஓராண்டுக்கு மேலும் பொறுக்கும். காத்திருக்க வல்லவனும் காத்திருக்க மாட்டாதவனும் பேரம் பேசினால் முடிவு எப்படியிருக்கும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. மணிமேகலையை இயற்றிய சாத்தனார் மதுரையில் கூலவாணிகம் செய்தவர். விளைபொருள் வியாபாரத்தில் துலாக்கோல் எந்த இடத்தில் சாயும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

2025ஆம் ஆண்டு விளைச்சல் மிகுந்தது. சென்ற ஆண்டுக் கூழே விற்காமல் தேங்கிக் கிடக்கின்றது என்று ஆலையார் கூறினர், விலை வீழ்ந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கவேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. 8 ரூபாய் ஆலைகள் தரவேண்டும், 4 ரூபாய் அரசு தரும். சூன் 7ஆம் நாள் சித்தூர் மாவட்ட ஆட்சியர், அண்டை மாநிலங்களின் தோதாபுரி மாவட்டத்துள் வரலாகாது என்று தடை விதித்தார். கர்நாடக எல்லையோரத்து உழவர் தவிக்க, அம்மாநில முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஆலை வாயில்களில் டிராக்டர்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. அறிவித்த 8 ரூபாயும் முழுமையாகக் கைக்கு வரவில்லை என்று உழவர் பலர் முறையிட்டனர்.

ஆலையார் கூறியது பொய் என்று நாம் சொல்லவில்லை. தேங்கிய கூழ் மெய்யான நட்டமே. வட்டி வளர்வதும் மெய்யே. ஆயினும் அந்நட்டத்தை யார் தோளில் இறக்கி வைத்தனர் என்று பார்க்கவேண்டும். பல ஆண்டுகளாக அவ்வுழவர் பழத்தினால் வளர்ந்த தொழில், ஓராண்டு தாழ்ந்தபோது, பங்கைப் பகிராமல் முழுச்சுமையையும் காத்திருக்க மாட்டாதவனிடம் தள்ளினால், அது கூட்டாளிக்குச் செய்யும் முறையன்று. வடதிசையாகிய நண்பர்க்கும் கூட்டாளிக்கும் உரிய ஐந்தனுள் தமக்கொப்ப நடத்துதலும் சொற்பிறழாமையும் உள்ளன. பூக்கும் பருவத்திலேயே இவ்வளவு வாங்குவோம், இன்ன விலைக்குக் குறையமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தலும், நிறுத்த நாளில் பணம் தருதலும் இவ்விரண்டின் பொருள். அரசு தலையிட்டு விலை கூறவேண்டிய நிலை வந்ததே, அச்சொல் முன்னமே கொடுக்கப்படவில்லை என்பதற்குச் சான்று.

கடனை ஈகையாகப் பெயர் மாற்றும் வழக்கம் தமிழகத்திலும் உண்டு. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்துவந்த ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடக்கக் கண்டதே அதற்குத் தொடக்கம். அங்கே வேலை செய்த 591 பேர் தரப்போடு இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாடு செய்தது 2016இல். அப்போதும் அது இழப்பீடு என்று சொல்லப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் வழங்கும் கருணைத்தொகை என்றே சொல்லப்பட்டது. பதினைந்து ஆண்டு காத்தவன் பெற்றது உரியதையா, பிச்சையையா என்பதை அவ்வொரு சொல் தீர்மானித்துவிடுகின்றது. அப்பதினைந்து ஆண்டிலும் அந்நிறுவனத்தின் நலப்பணிகள் வேறிடங்களில் நடந்துகொண்டுதான் இருந்தன.

இப்பாடத்தைப் படிப்போருள் ஆலை முதலாளிகள் மிகச் சிலரே இருப்பர். ஆதலால் இறுதியாக நம் வீட்டுக்குள் வருவோம். இன்வெர்ட்டரிலோ ஸ்கூட்டரிலோ உள்ள பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். அக்காரீயம் பெரும்பாலும் மீண்டும் பயன்படக்கூடியதாகலின் பழைய பேட்டரிக்கும் விலையுண்டு. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, செய்தவரே அவற்றைத் திரும்பச் சேர்த்து, பதிவுபெற்ற ஆலைகளில் மறுசுழற்சி செய்விக்கவேண்டும். கடையில் புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வர், ரசீதும் கிடைக்கும். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் அதைக் காட்டிலும் சிறிது கூட்டியே கேட்பார். கூட்டிக் கொடுக்க அவருக்கு எப்படிக் கட்டுகின்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வடிகட்டியும் இல்லை, கையுறையும் இல்லை, அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் குழியடுப்பில் உருக்குவோரிடம் போவதால் கட்டுகின்றது. அவ்வாறு உருக்குமிடம் பல ஊர்களில் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கொல்லையே. அங்கே குழந்தைகள் விளையாடுகின்றன.